மோஷியில் ஒரு கருப்புக் காபி

தான்சானியாவுல இருக்கிற கிளிமஞ்சாரோ மலை ஏறல. முட்டி விடல. அடிவாரத்துல, மோஷி ஊர்ல ரெண்டு நாள் சும்மா சுத்தினேன். ஹோட்டல்ல ‘காபி டூர்’னு ஒரு விலை சொன்னாங்க. அதை விட்டுட்டு மட்டெருனி கிராமத்துக்காரர் ஒருத்தரை நேரா பிடிச்சேன். சாக்கா இனத்தவர்.

வாழைத் தோப்பு நிழல்ல காபிச் செடி. காஞ்ச கொட்டையை மர உரல்ல போட்டு உலக்கையைக் கையில குடுத்துட்டார். பாட்டுப் பாடிக்கிட்டே குத்தணுமாம்! புடைச்சு, விறகடுப்புல வறுத்து, மறுபடி இடிச்சு, ஒருவழியா காபி. பால் கிடையாது. டிகிரி காபி குடிச்சு வளர்ந்தவனுக்குச் சோதனைதான். ஆனா மூணு கப் உள்ளே போச்சு.

கிளம்பும்போது அரைக் கிலோ பொடி வாங்கினேன். பேரம் பேச வாய் வரைக்கும் வந்துச்சு. கை வலி அடக்கிடுச்சு.

கிளிமஞ்சாரோ உச்சிக்கு, 5,895 மீட்டர் ஏறப் போறவங்களே, வழிகாட்டி இல்லாம அனுமதி கிடையாது. சுமை தூக்குறவருக்கு 20 கிலோதான் வரம்பு. பேக்கேஜ் விலை ரொம்ப மலிவா இருந்தா, அவருக்கு நாளுக்கு எவ்வளவு, சாப்பாடு உண்டான்னு முதல்ல கேளுங்க.

பொடி இன்னும் கொஞ்சம் இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க பால் கேக்கக் கூடாது.