எத்தனை மணிக்கு மதகு திறந்தார்கள், யாருக்குச் சொன்னார்கள்?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது ஆட்சியில் அ.தி.மு.க. இருந்தது. சொல்லாமல் திறந்து சென்னையை மூழ்கடித்துவிட்டார்கள் என்று தி.மு.க. குற்றம் சாட்டியது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி போனபோது ஆட்சியில் தி.மு.க. சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்று அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. இந்த இரண்டு சண்டையிலும் கரையோரத்துக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டிய விவரம் வெளியே வரவில்லை. எந்த மணிக்கு, எவ்வளவு தண்ணீர், எந்த ஊருக்கு, யார் மூலம் சொல்லப்பட்டது என்பதே அந்த விவரம். செம்பரம்பாக்கத்தில் நடந்தது மனிதரால் விளைந்த பேரிடர் என்று தணிக்கை அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, வீடு இழந்தவர்கள் இரண்டரை வருடம் காத்திருந்தாயிற்று.

அரசைக் குறை சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணியும் பதவியும் இல்லாத குற்றச்சாட்டுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மறுப்பு அறிக்கையோடு முடிந்துவிடும்.

கொங்கு நாட்டில் புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர்ச் சேதியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயல் அப்படி இருக்கவில்லை. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, அங்கேயே நகராமல் கிடந்து, வலு குறைந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீர்தான் பாம்பாறு, வாணியாறு வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து சாத்தனூருக்குப் போனது. மழை பெய்தது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில், அணை இருப்பது திருவண்ணாமலையில், மூழ்கியது விழுப்புரமும் கடலூரும்.

கணக்கைப் பார்ப்போம். சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7.32 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வந்தால் ஒரு மணி நேரத்தில் 0.6 டி.எம்.சி. சேரும். அணை மொத்தமும் காலியாக இருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 1 டி.எம்.சி. அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தால் 1 மணி 40 நிமிடம் தாங்கும். ஆகவே அந்த அதிகாலையில் திறக்காமல் இருந்திருக்கலாம் என்பவர் கணக்குப் போடாமல் பேசுகிறார். திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து.

கேள்வி முந்தைய இரண்டு நாட்களின் மேல் விழ வேண்டும். விநாடிக்கு 20,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க முன்கூட்டியே விட்டால் 1.73 டி.எம்.சி. இடம் கிடைக்கும். 1.68 லட்சம் உள்ளே வரும்போது 1 லட்சத்தை மட்டும் வெளியே விட்டு மீதியை அந்த இடத்தில் பிடித்தால், 7 மணி நேரம் ஓட்டலாம். இரவு 3 மணிக்கு வரும் உச்ச வெள்ளம் காலை 10 மணிக்குத் தள்ளிப்போகும். வெளிச்சத்தில் ஓடுவதற்கும் இருட்டில் ஓடுவதற்கும் நடுவே எத்தனை உயிர் என்பது ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர் 29 முதல் டிசம்பர் 1 வரை மணிவாரியாக நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்ன, புயல் நகராமல் நின்றது தெரிந்த பிறகு யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

பொறியாளர் ஏன் முன்கூட்டித் திறக்கத் தயங்குகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம்பி இறக்கிவிட்டு மழை பொய்த்தால், வாய்க்கால் கடைமடை காய்ந்து விவசாயிகள் மறியலுக்கு வருவார்கள். பவானிசாகரில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. முழு உயரம் 105 அடியாக இருந்தாலும் அக்டோபர் கடைசி வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. மேலே உள்ள அந்த மூன்று அடி வெள்ளத்துக்கான இடம். கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்கள் இதை வீணாகப் போகும் தண்ணீராகப் பார்க்கக்கூடாது.

அடுத்து, எச்சரிக்கை போகும் வழி. அணையில் அளவுகோல் பார்க்கும் உதவிப் பொறியாளர், செயற்பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, கடைசியில் மைக் கட்டிய வண்டி. எட்டுக் கை மாறுகிறது. இதில் பழுதாகும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். கிராம நிர்வாக அலுவலர் அந்த ஊரில் தங்கியிருக்கமாட்டார். மின்சாரம் போய், செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போட்டதையே எச்சரிக்கை கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது வாசகம். 10,000 கன அடிக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் 'கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்ற அதே வரி. பத்து முறை கேட்டு ஒன்றும் ஆகாமல் போன வரியைப் பதினோராவது முறை யார் நம்புவார்கள்? எச்சரிக்கை என்றால் எவ்வளவு தண்ணீர், நம் ஊர்ப் பாலத்தில் எந்தக் குறிவரை ஏறும், எத்தனை மணிக்கு வந்து சேரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். ஐந்து முறை சொன்னோம் என்பவர்களிடம் அந்த ஐந்தின் வாசகத்தையும் கேட்க வேண்டும்.

நம் ஆறுகளில் இந்தச் சங்கிலி இன்னும் சிக்கல். பில்லூர் அணை மின் வாரியத்துடையது. 100 அடியில் 97ஐத் தொட்டால் உபரியைத் திறந்து, மேட்டுப்பாளையத்துக்கு எச்சரிக்கை போகும். அதே பவானி ஆற்றில் கீழே உள்ள பவானிசாகர் நீர்வளத்துறை கையில். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தபோது, அந்தத் தண்ணீர் இரண்டு துறையின் கையைத் தாண்டித்தான் இறங்கியது. காவிரிப் பக்கம் மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில். 16 கண் மதகில் திறந்தால், ஈரோடு வரை வழியில் வரிசையாகக் கதவணைகள், அவை மின் வாரியத்தின் பொறுப்பு. வலது கரையில் பவானியும் கருங்கல்பாளையமும் ஈரோடு ஆட்சியருக்கு. எதிர்க்கரையில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் நாமக்கல் ஆட்சியருக்கு. கூடுதுறையில் இரண்டு ஆறும் ஒன்றாகும் இடத்தில், மேட்டூரும் பவானிசாகரும் ஒரே நேரத்தில் திறந்தால் கூட்டுத்தொகை என்ன, அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் யார்? மூன்று மாவட்டம், இரண்டு துறை. நாளைக்கு அங்கே ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் காட்டித் தப்பிக்க இடமிருக்கிறது. மேட்டூருக்கு ஒரு வசதி உண்டு: கர்நாடக அணைகளிலிருந்து வரும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் அளந்துவிடும். அந்த முன்தகவல் சாத்தனூருக்கு மேலே பெய்த திடீர் மழைக்குக் கிடையாது. ஆகவே காவிரியில் 'தெரியாமல் வந்துவிட்டது' என்ற பதிலை ஏற்கவே கூடாது.

பொறுப்பு மூன்று அடுக்காகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கத்ரீனா சூறாவளியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2005 ஆகஸ்ட் 29 திங்கள் காலை அது கரையேறியது. நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்ற உத்தரவு போட்டது ஞாயிற்றுக்கிழமை, 24 மணி நேரம்கூட மிச்சம் இல்லாதபோது. பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. மாநில ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவும் அதிபர் புஷ்ஷும் படைகள் யார் கட்டளையின் கீழ் இயங்குவது என்று இழுத்தார்கள். மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் தவித்தது தனக்குச் செப்டம்பர் 1 அன்றுதான் தெரியும் என்றார் மத்திய அவசர நிர்வாக முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன். அவர் பதவி விலகினார். மேயரும் ஆளுநரும் ஒரு கட்சி, அதிபர் வேறு கட்சி; எனவே பேருந்துப் படமும் விமானத்திலிருந்து அதிபர் பார்த்த படமும் மாறி மாறி ஓடின. ஊரில் 80 சதவீதம் மூழ்கப் பெருங்காரணம் கால்வாய்த் தடுப்புச் சுவர்கள், வடிவமைத்த மட்டத்துக்குத் தண்ணீர் வரும் முன்பே சரிந்தது. கட்டியது ராணுவப் பொறியாளர் படை. வடிவமைப்புத் தவறு என்று அவர்களே ஒத்துக்கொண்டது 2006 ஜூனில். திட்டித் தீர்த்த முதல் மாதத்தில் அந்தச் சுவர்களைக் கட்டியவர்களிடம் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

சுவர் என்றதும் மேட்டுப்பாளையம் நடூரை விட்டுவிட்டுப் போக முடியாது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் 20 அடிச் சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் செத்தார்கள். அனைவரும் தலித்துகள். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் அங்கே இருந்தவர்கள். அப்போது தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. முறையிட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஐந்து வருடத்தை, பேரிடர் தயார்நிலைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

பணச் சண்டைக்கு வருகிறேன். ஃபெஞ்சலுக்குப் பிறகு 2024 டிசம்பர் 6 அன்று மத்திய அரசு 944.80 கோடி விடுவித்தது. கொடுத்தோம் என்று ஒரு தரப்பு, எங்கே கொடுத்தீர்கள் என்று மறு தரப்பு. அது மாநிலப் பேரிடர் நிதியில் மத்தியப் பங்கின் இரண்டு தவணை. அந்த நிதிக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநிலம் 25 சதவீதமும் ஆண்டுதோறும் போட வேண்டும், புயல் வந்தாலும் வராவிட்டாலும். போதாதபோது கேட்பது தேசியப் பேரிடர் நிதியில், அது தனி. 2018 நவம்பர் கஜா புயலுக்கு மாநிலம் கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி; தேசிய நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146.12 கோடி. இவ்வளவு இடைவெளி எப்படி? மாநிலம் கேட்பதில் நிரந்தரமாகத் திருப்பிக் கட்டும் செலவும் உண்டு. மத்தியக் குழு கணக்கில் எடுப்பது, நிவாரண நெறிமுறையில் ஒவ்வொரு சேதத்துக்கும் குறித்த தொகை மட்டும். கஜாவில் விழுந்த தென்னைக்கு மாநில அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. எக்டேருக்கு 175 மரம் என்றால் 1,92,500. அன்றைய நெறிமுறையில் பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 18,000தான். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. நிவாரணம் குறைவு என்று பேசுகிற எம்.பி.க்கள் இந்த நெறிமுறையைத் திருத்தச் சொல்லிப் பேசட்டும்.

2022-26க்கான நெறிமுறையில் மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2 எக்டேர் வரைதான். வெள்ளாமையில் 33 சதவீதத்துக்குக் குறையாமல் சேதம் இருக்க வேண்டும். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, உயிரிழப்புக்கு 4 லட்சம். இந்தத் தொகைகூடக் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் தாளில்தான். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்காது. மஞ்சள் போட்டிருக்கும் காட்டில் போன வருடச் சோளம் இருக்கும். பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும். குத்தகைக்காரருக்கு ஒரு துண்டுத் தாளும் இருக்காது. செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைத்துவிடுவார்கள். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே அடங்கல் நகலை வாங்கிப் பார்த்து, தவறு இருந்தால் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். சேதம் ஆனதும் இடமும் நேரமும் பதியும்படி படம் எடுங்கள். கணக்கெடுப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரும் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்து போயிருந்தால் மறு அளவீடு கேட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள்.

கட்சிகள் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு கேட்க வேண்டிய தாள்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 'ஏன் எச்சரிக்கவில்லை' என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். அணையின் மணிவாரி நீர்மட்டப் பதிவேடு. மதகு இயக்கப் பதிவேடு. அனுப்பிய ஒவ்வொரு எச்சரிக்கைச் செய்தியின் நகலும் நேரமும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31வது பிரிவுப்படி மாவட்டத் திட்டம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் அவசரகாலச் செயல்திட்டம், அதில் உங்கள் ஊர் மூழ்கும் பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்ற வரைபடம். இதையே அணையின் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனுவாகவும், 1077 கட்டுப்பாட்டு அறைக்கு வந்த செய்திப் பதிவை ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்னொரு மனுவாகவும் அனுப்புங்கள். கூடுதுறைப் பக்கத்தவர்கள் ஈரோடு, நாமக்கல் இரண்டு ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். ஒரு அலுவலகம் அனுப்பியதாகச் சொல்லும் நேரமும் அடுத்த அலுவலகம் பெற்றதாகச் சொல்லும் நேரமும் எங்கே விலகுகிறதோ, அந்த இரண்டு அலுவலர்களின் பதவியையும் அந்த நேரங்களையும் எழுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும் அவருக்கு ஒரு நகல், உங்களிடம் ஒப்புகையோடு ஒரு நகல்.