நான் பார்க்காத பம்ப்

வேறொரு பட்டறையில் டீசல் லைன் வேலை பார்த்து முடித்த வண்டியை ஏற்றுக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. வேலைக்கு அஞ்சி அல்ல. அப்படி வரும் வண்டியில் இப்போது என்ன பழுது என்பது ஒரு கேள்வி. முன்பு என்ன பழுது இருந்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு, பொறுமையாகப் பார்த்தால், வண்டியே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கான தடயங்களை நடுவில் நடந்த வேலையே பெரும்பாலும் துடைத்துவிட்டிருக்கும். தாளவாடிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் ஒரு பிக்கப்பின் உரிமையாளர் என்னிடம் கேட்டது இரண்டாவதை. நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். அப்படியிருந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

மேலே போகும்போது மாட்டுத் தீவனமும் உர மூட்டையும், கீழே இறங்கும்போது முட்டைக்கோஸும் ஏற்றும் வண்டி அது. திம்பம் ஏற்றத்தில் இழுவை இல்லாமல் திணறி, இன்ஜின் விளக்கு எரிந்து நின்றதால், முதலில் போன பட்டறையில் உயர் அழுத்தப் பம்பை, பழையதைக் கொடுத்து வேறொன்று வாங்கும் எக்ஸ்சேஞ்சில் மாற்றி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சர்வீஸ் செய்து, ஃபில்டரும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு அதே ஏற்றத்தில் அதே திணறல். அதோடு, காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற புதிய தொல்லையும் சேர்ந்துகொண்டது. இரவுப் போக்குவரத்துத் தடை உள்ள காட்டுச் சாலை அது; பொழுது சாயும் நேரத்தில் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் எங்கேனும் நின்றுவிட்டால் என்ன பாடு என்பதை அந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பம்புக்கான பணத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துக் கட்டியதாக, நான் கேட்காமலே, முதல் நாளே சொன்னார்.

ஸ்கேனரில் பி0087 என்ற குறியீடு வந்தது. பம்ப் அனுப்பும் டீசலை அழுத்தத்தோடு தேக்கி இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடும் குழாயான ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை என்பதை மட்டுமே அது சொல்லும்; ஏன் இல்லை என்பதைச் சொல்லாது. முழுச் சுமையில் 1,600 பார் வரை ஏற வேண்டிய அமைப்பில் அழுத்தம் விழுவதற்குப் பம்ப் தேய்ந்திருப்பது காரணமாக இருக்கலாம். மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் வழியில் அதிகமாக விடும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம். பம்புக்கு வந்து சேரும் டீசலே போதாமல் இருக்கலாம். அளந்து சொல்லும் சென்சாரே தப்பாகச் சொல்லலாம். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்னிலும் அளவுக் குப்பிகளை மாட்டிப் பார்த்ததில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பின. இன்ஜெக்டர்களின் மேல் இருந்த குறியீட்டு எண்கள் இன்ஜினின் கணினியான இசியூவில் சரியாகவே பதியப்பட்டிருந்தன. இன்ஜெக்டரைச் சுற்றிப் புகை கசிந்து கரி பிடித்த தடம் எங்கும் இல்லை. முன்பு வேலை பார்த்தவர் சுத்தமாக வேலை செய்பவர் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் நான் எழுதப்போவதை வைத்து அவரை யாரும் எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது.

சமதளத்தில் எவ்வளவு ஓட்டியும் பழுது வெளிப்படவில்லை. ஆகவே மூட்டைகளை இறக்காமல், அவரையே ஓட்டச் சொல்லி, மடிக்கணினியோடு பக்கத்தில் அமர்ந்து திம்பம் ஏறினேன். மேல் வளைவுகளை நெருங்கும்போது, இசியூ கேட்கும் அழுத்தத்தின் கோடு மேலே போக, உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தின் கோடு அதிலிருந்து பிரிந்து சரிந்தது. பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வை முழுக்கத் திறக்கச் சொல்லி இசியூ கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தும் பயனில்லை. திறந்த வாசலில் உள்ளே வர டீசல் இல்லை, அல்லது வந்த டீசலை அழுத்தப் பம்புக்கு வலு இல்லை, இரண்டில் ஒன்றுதான்.

அந்த வண்டியில் டேங்குக்குள் தனிப் பம்ப் கிடையாது. உயர் அழுத்தப் பம்போடு சேர்ந்த சிறு கியர் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஏற்றத்தில் முன்பக்கம் உயர்ந்து நிற்கும்போது பின்னால் இருக்கும் டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்துவிடுகிறது. சுமையால் டீசல் தேவையும் கூடிவிடுகிறது. ஆகவே உறிஞ்சும் இழுப்பு அங்கேதான் உச்சத்துக்குப் போகும். அந்த வழியில் ஒரு சிறு கீறல் இருந்தால், கீறிய குழலால் இளநீர் உறிஞ்சுவது போல, டீசலோடு காற்றும் சேர்ந்து வரும். டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும் என்பதால் தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. வண்டி இரவெல்லாம் நிற்கும்போது அதே கீறல் வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததற்கும் அதுவே காரணமாகப் பட்டது.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸ் ஒன்றை இணைத்தபோது குமிழிகள் வரிசையாக ஓடின. அதையே ஃபில்டருக்கு முன்னால் மாற்றி இணைத்தேன், அங்கும் ஓடின. டேங்க் லைனைக் கழற்றிவிட்டுத் தனி கேனிலிருந்து டீசல் கொடுத்தபோது குமிழி நின்றது. பிறகு டேங்க் லைனுக்குள் மெதுவாகக் காற்றழுத்தம் கொடுத்து, சோப்பு நீரைத் தடவிக்கொண்டே போனதில், சேசிஸ் பீமின் மேல், பாடிக்கு அடியில் கையை வளைத்துத்தான் தொட முடிகிற ஓர் இடத்தில், ரப்பர் ஹோஸின் கிளிப்பை ஒட்டி நுரை பொங்கியது. ஹோஸை மாற்றிய பின் மறுபடியும் திம்பம் ஏறினோம். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போயின.

அந்த ஹோஸைக் கழற்றிக் கையில் எடுத்தபோது கண்டதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். ரப்பர் பழையது, இறுகி, மேல் தோல் வெடித்திருந்தது. கிளிப் புதியது. ஃபில்டர் மாற்றும்போதோ பம்ப் மாற்றும்போதோ யாரோ அந்த இணைப்பைக் கழற்றி, பழைய கிளிப்பை எறிந்துவிட்டுப் புதிய திருகு கிளிப் போட்டிருக்கிறார்கள். கீறல் கிளிப்பின் விளிம்புக்கு நேராக இருந்தது. பழைய கீறலின் மேல் புதிய கிளிப் வந்து உட்கார்ந்ததா, அல்லது புதிய கிளிப்பின் விளிம்பு இறுகிய ரப்பரை அறுத்து அந்தக் கீறலை உண்டாக்கியதா என்பதை அந்தத் துண்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

உரிமையாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அப்ப அந்தப் பம்ப மாத்தியே இருக்க வேண்டாமுங்களா?" என்றார்.

"அதை இப்பச் சொல்ல முடியாதுங்ணா. பழைய பம்ப் இருந்திருந்தா டெஸ்ட் பெஞ்சுல போட்டுச் சோதிச்சுப் பாத்திருக்கலாம்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செரிங்க. நீங்க அந்த எடத்துல இருந்திருந்தா மாத்தியிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"அன்னைக்கு வண்டி எப்படி வந்துச்சுன்னு நான் பாக்கலீங்களே" என்று சொல்லிவிட்டேன்.

முதல் பதிலை எந்த இடத்திலும் நின்று காப்பேன். பழைய பம்ப் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. வேலை முடிந்ததும் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான், ஆனால் அழிக்கும்போது பழுது விழுந்த நேரத்தில் வேகம், சுமை, அழுத்தம் எவ்வளவு என்று இசியூ பிடித்து வைத்திருந்த பதிவும் சேர்ந்தே போய்விடுகிறது. மிஞ்சியது ஒரு துண்டு ரப்பர். அதை வைத்துக்கொண்டு மூன்று கதைகள் சொல்லலாம். கீறல் முதலிலேயே இருந்தது, பம்ப் நன்றாகவே இருந்தது, புதிய கியர் பம்பின் கூடுதல் இழுப்பு சில வாரம் குறையை மறைத்தது என்பது ஒன்று. பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தது, அதை மாற்றியது சரி, கீறல் அந்த வேலையின்போது புதிதாக உண்டானது என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது: கீறல் முன்பே இருந்தது, அதன் வழியே மாதக்கணக்கில் காற்று போய் அந்தப் பம்பைத் தேய்த்தும் விட்டது. பம்பின் உள்ளே சில மைக்ரான் இடைவெளியில் உரசும் உறுப்புகளுக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிமுறை வந்தபோது டீசலின் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது. கந்தகத்தை எடுக்கும் முறையிலேயே டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைந்துவிடுவதால் அதற்கென்று தனி மருந்து சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். அப்படிப்பட்ட டீசலோடு காற்றும் கலந்து ஓடிய பம்ப் என்ன நிலையில் இருந்திருக்கும் என்பது பல பம்புகளைத் திறந்து பார்த்த எனக்குத் தெரியும். இந்த மூன்றாவது கதை மெய்யென்றால், பம்பை மாற்றியதும் தேவையே, ஹோஸைப் பார்க்காமல் விட்டதும் குறையே.

என்னைத் தொந்தரவு செய்வது இரண்டாவது பதில்தான். அவர் அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்டபோது, தடயம் தேவைப்படாத ஒரு கேள்வியாக அதை ஆக்கிவிட்டார். வண்டி அன்று எப்படி வந்தது என்பது அதற்கு வேண்டியதில்லை. நான் எப்படி வேலை செய்வேன் என்பதை மட்டும்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். ரெயில் அழுத்தம் குறைவு என்று வரும் எந்த வண்டிக்கும், பம்பில் கை வைப்பதற்கு முன், தெளிவான ஹோஸை மாட்டிப் பார்ப்பது என் பழக்கம். அதற்குப் பெரிய செலவும் இல்லை, நேரமும் இல்லை. பார்த்திருந்தால், கீறல் அன்றே இருந்திருக்கும் பட்சத்தில், குமிழி தெரிந்திருக்கும். "முதல்ல ஹோஸைப் பாத்திருப்பேனுங்ணா" என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அது யாரையும் குற்றம் சொல்லாத, என் பழக்கத்தைப் பற்றிய ஒரு தகவல் மட்டுமே.

அப்படி நினைக்கும்போதே, அது வெறும் தகவலாக நின்றிருக்காது என்றும் தோன்றுகிறது. நகையை வைத்துப் பணம் கட்டியவரின் காதில் அது ஒரு தீர்ப்பாகத்தான் விழுந்திருக்கும். அவர் நேரே அந்தப் பட்டறைக்குப் போய், இன்னார் இப்படிச் சொன்னார் என்று கேட்டிருப்பார். அந்தப் பட்டறைக்காரருக்கு என்ன பதில் இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல: நானும் சோதித்துத்தான் மாற்றினேன், அன்று குமிழி இல்லை என்று அவர் சொன்னால் மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது? இரண்டாவதாகப் பார்ப்பவனுக்கு முதலாமவர் ஒதுக்கிவைத்த காரணங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய பம்ப், சர்வீஸ் ஆன இன்ஜெக்டர் என்று அவர் செலவழித்துச் சுருக்கித் தந்த களத்தில்தான் நான் தேடினேன். நான் முதலில் பார்த்த வண்டிகளையும் வேறு யாரோ இரண்டாவதாகப் பார்த்திருப்பார்கள். அங்கே என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ.

கணினி இல்லாத பழைய மைக்கோ டீசல் பம்ப் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் உண்டு. காற்றுப் பிடித்தால், அதை வெளியேற்றும் பிளீடிங் போல்ட்டைத் தளர்த்திக் கைப் பம்பை அடிக்கும்போது நுரை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வரும். ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று வண்டிக்காரருக்கே காட்டலாம். இப்போதைய அமைப்பில் ஓடும் இன்ஜினில் அப்படி நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழுது திரையில் கோடாகத் தெரிகிறது, கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் சொல்வதை வண்டிக்காரர் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் என்னிடம் அவர் கேட்டார் என்பதே என் வாதங்களையெல்லாம் வலுவிழக்கச் செய்கிறது.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். அந்தப் பட்டறையிலிருந்து என் டெஸ்ட் பெஞ்சுக்கு இன்ஜெக்டர்கள் வரும். அந்தக் கணத்தில் அது என் நினைவில் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒரு பழக்கம் நினைவுக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. தொழிலில் ஒருவர் வேலையை இன்னொருவர் வண்டிக்காரர் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் சொல்லியிருக்கிறார். அதை நல்ல பழக்கமாகவே இன்றும் கருதுகிறேன். அது வண்டிக்காரரையும் காக்கிறதா என்று மட்டும் இதற்கு முன் யோசித்ததில்லை.

பில்லில் ஹோஸ், கிளிப், கூலி என்று எழுதியதோடு, ஃபில்டருக்கு முன் உறிஞ்சும் லைனில் காற்றுப் புகுந்தது, பம்பும் இன்ஜெக்டர்களும் சோதனையில் சரியாக உள்ளன என்றும் எழுதினேன். அறுந்த துண்டையும் கிளிப்போடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய் அங்கே காட்டினாரா என்று நான் விசாரிக்கவில்லை. அவரும் அடுத்த முறை ஃபில்டர் மாற்ற வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுப்பதாக மட்டும் சொன்னார்.

மூன்று கதைகளில் எதை நம்புகிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால், மூன்றாவதை என்பேன். ரப்பரின் வெடிப்பு ஒரு சில வாரத்தில் வந்ததல்ல. அந்த அளவுக்கு இறுகிய ஹோஸ் பழைய கிளிப்பின் கீழும் காற்றை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அது ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லியே அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பணம் போன மனிதரிடம் ஊகத்தைக் கொடுப்பது அவருக்கு இன்னொரு சுமை என்று மறுநாள் தோன்றுகிறது. நாளை அவர் வந்து அதே கேள்வியைக் கேட்டால், ஹோஸை முதலில் பார்த்திருப்பேன் என்பது வரை சொல்லிவிடுவேன். அதற்கு மேல் சொல்வேனா என்பது இன்னும் முடிவாகவில்லை.