24 வோல்ட் வண்டியும் 12 வோல்ட் குளிர்பெட்டியும்

வண்டி 24 வோல்ட், குளிர்பெட்டி 12 வோல்ட். புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில்தான் இது எனக்குத் தெரியவந்தது. படுக்கையும் அடுப்பும் வைத்து நாங்கள் வீடாக மாற்றியிருந்த பழைய லாரியில், பெரும்பாலான கனரக வண்டிகளைப் போலவே, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேருமாறு, இணைக்கப்பட்டிருந்தன. கம்ப்ரஸரில் இயங்கும் குளிர்பெட்டிகள் பலவும் 12, 24 ஆகிய இரண்டையும் தாமே கண்டறிந்து ஏற்றுக்கொள்ளும். இரவலாக வாங்கிய என் பெட்டியின் முத்திரைத் தகட்டில் 12 மட்டுமே இருந்தது. உடன் வந்த நண்பரின் இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தாக வேண்டும் என்பதால், பெட்டியை விட்டுவிட்டுச் செல்லவும் வழியில்லை.

அன்றிரவு நான் கண்டுபிடித்த குறுக்குவழி மிகவும் எளிதாக இருந்தது. இரண்டு பேட்டரிகளும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து ஒரு கம்பியும், வண்டியின் எர்த்திலிருந்து (பேட்டரியின் எதிர்முனை இணைந்திருக்கும் உலோகச் சட்டம்) ஒரு கம்பியும் எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுகிறது. பெட்டி உடனே முனகத் தொடங்கியது. நானும் நிம்மதியாக உறங்கினேன்.

நான்காம் நாள் காலையில் ஒரு மேட்டுநிலத்தில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது மேல் பேட்டரியில் 12.9 வோல்ட், எர்த்தை ஒட்டிய கீழ்ப் பேட்டரியில் 11.7 வோல்ட். வழிப்போக்கர் ஒருவரின் வண்டியிலிருந்து கம்பி போட்டு எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். மொத்தம் 28.2 வோல்ட் என்று எண் ஒழுங்காகவே வந்தது. ஆனால் அதில் 15 வோல்ட் மேலதன் பங்கு, 13.2 மட்டுமே கீழதன் பங்கு. நடந்தது அப்போதுதான் புரிந்தது. குளிர்பெட்டி கீழ்ப் பேட்டரியை மட்டும் குடித்துக்கொண்டிருக்க, ஆல்டர்னேட்டரோ இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்து மின்னேற்றுகிறது. தனித்தனியே எது நிறைந்தது, எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது. நிறைந்திருந்த மேல் பேட்டரி அளவுக்கு மீறி ஏற்றப்பட்டுக் கொதித்து நீரை இழந்தது, கீழ்ப் பேட்டரி அரைகுறையாகவே நின்று தகடுகளில் சல்பேட் படிய இடம் கொடுத்தது. ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் பாய்ந்தாக வேண்டும் என்பதால், சோர்ந்த ஒன்றே இரண்டையும் முடக்கப் போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்த பணிமனையில் பேட்டரிகளைத் தனித்தனியே மின்னேற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, நடுப்புள்ளிக் கம்பியைக் கழற்றி எறிந்தோம். பேட்டரிகளைச் சமன்செய்யும் கருவி ஒன்றை இடையில் வைத்து நடுப்புள்ளியிலிருந்தே எடுக்கலாம் என்று அங்கிருந்த மெக்கானிக் சொன்னார்; அது கிடைக்கவில்லை. இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக உயர்த்தி, பெட்டியின் அடாப்டரால் மீண்டும் இறக்குவது இருமுறை இழப்பு என்பதோடு, சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் மின்சாரம் தின்னும். ஆகவே 24-ஐ 12-ஆக இறக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினேன். மிகையான வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடும் பழைய வகையில் பாதி மின்சாரம் வீணாகும் என்பதால், மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பி வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்சிங் முறையில் இயங்குவதாகப் பார்த்து எடுத்தேன்.

அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் அந்த மெக்கானிக்கின் அனுபவம் தெரிந்தது. பேட்டரிக்கு அருகில் வைக்க நான் நினைத்தேன். அவர் குளிர்பெட்டிக்கு அருகில் வைக்கச் சொன்னார். கம்பி போய்த் திரும்பும் தூரம் 12 மீட்டர், தடிமன் 2.5 சதுர மில்லிமீட்டர். ஓடும்போது பெட்டி 4 ஆம்பியர் இழுக்கும் என்று கொண்டால், 12 வோல்ட்டாக அனுப்பும்போது வழியில் ஏறக்குறைய 0.34 வோல்ட் தொலைகிறது. அதே திறனை 24 வோல்ட்டாக அனுப்பினால், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 2.2 ஆம்பியர்தான் பாய்கிறது, தொலைவது 0.18 வோல்ட், அதுவும் 24-இல். கம்பியைக் காக்கும் ஃபியூஸை மட்டும் பேட்டரி முனையை ஒட்டியே வைத்தோம். உரசல் எங்கே ஏற்பட்டாலும் ஃபியூஸ் அதற்கு முன்னால் இருக்க வேண்டும் அல்லவா!

எல்லாம் முடிந்தது என்றிருந்த எனக்கு, ஓர் ஏரிக்கரையில் இரண்டு பகலும் மூன்று இரவும் நகராமல் தங்கிய பிறகு மீண்டும் அதே கதி. இம்முறை இரண்டு பேட்டரிகளும் சமமாகவே இறங்கிக் கிடந்தன. கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடினாலும் சராசரியாக 1.1 ஆம்பியர், 60 மணி நேரத்தில் 66 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரிகளின் கொள்ளளவே 100 ஆம்பியர்-மணி, முன்பே அடிபட்டவை வேறு. ஆனால் வோல்ட் குறைந்தால் தானாக நின்று வண்டியைக் காப்பாற்றும் வசதி குளிர்பெட்டியில் இருந்ததே, அது ஏன் வேலை செய்யவில்லை? கன்வெர்ட்டர் அதன் கண்ணைக் கட்டிவிட்டது. பேட்டரி 25-இல் இருந்தாலும் 22-க்கு இறங்கினாலும், பெட்டிக்குப் போய்ச் சேர்வது அதே மாறாத 12 வோல்ட். அது எந்தக் குறைவையும் உணர வாய்ப்பே இல்லை. கன்வெர்ட்டருக்கும் தனியே ஒரு துண்டிப்பு எல்லை உண்டு. அது கன்வெர்ட்டரைக் காக்க வைக்கப்பட்டது, செல்ஃப் எடுக்கும் பலத்தைக் காக்க அன்று. அதன் கையேட்டைப் பிறகு படித்தபோது அந்த எல்லை 20 வோல்ட் என்றிருந்தது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது கன்வெர்ட்டருக்கு முன்னால், 24 வோல்ட் பக்கத்தில், ஒரு குறைவோல்ட் துண்டிப்பான் இருக்கிறது. 24.2-இல் துண்டிக்கவும், எஞ்சின் ஓடி 26-ஐத் தாண்டிய பிறகே மீண்டும் இணைக்கவும் அதை அமைத்தேன். இரண்டு எல்லைகளுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி வேண்டும். சுமை நீங்கியதும் பேட்டரியின் வோல்ட் தானாகச் சற்று ஏறும் என்பதால், எல்லைகள் நெருக்கமாக இருந்தால் பெட்டி ஓயாமல் அணைந்து அணைந்து எரியும்.

அதற்கடுத்த தங்கலில், இரண்டாம் இரவு மூன்று மணிக்குத் துண்டிப்பான் டக்கென்று பேசியது. உறைந்த ஜெல் பைகள் இரண்டை, இன்சுலினைத் தொடாதபடி துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். உறைந்துபோனாலும் இன்சுலின் கெட்டுவிடும். விடியும்போது உள்ளே 6 டிகிரி. சாவியைத் திருப்பியதும் வண்டி செல்ஃப் எடுத்தது. சில நிமிடங்களில் குளிர்பெட்டியும் முனகத் தொடங்கியது.