ஆறுமணிக் குருவி: கோடியக்கரைக் குறிப்புகள்

அக்டோபர் 9
வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறுமணிக் குருவி ஒண்டிக் கிடப்பதாகத் தகவல். இரவில் பறந்து வலசை வரும் பறவை. களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் நுழைந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துளை போட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, சந்தடியில்லாத இருட்டில் வையுங்கள். அடிபடாத பறவையை அந்தி சாயும்போது புதரோரம் திறந்துவிட்டால் போதும். பூனை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 14
ஆறுமணிக் குருவியை நிறத்தை நம்பித் தேடினால் கிடைக்காது. பச்சை முதுகு, நீலத் தோள், குங்குமச் சிவப்பில் அடிவயிறு என்று படத்தில் பளிச்சென்று இருக்கும். பாலை மரத்தடியில் சருகின் மேல் முதுகைக் காட்டி நின்றால் கண்ணில் படவே படாது.

காதுதான் வேலை செய்ய வேண்டும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை: முதல் சுரம் ஏறும், அடுத்தது இறங்கும். இப்போது 5:50 வாக்கில் பொழுது சாய்கிறது. 5:30க்கே போய் அசையாமல் நில்லுங்கள். குரல் கிளையிலிருந்து வரலாம். திசையைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை அங்கே தரையைப் பாருங்கள், இரை தேடுவது தரையில்தான். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக இரைச்சல் போட்டுச் சருகைக் கிளறும். இது தனி ஆள், சருகுச் சத்தத்திலேயே தெரியும்: இரண்டு புரட்டல், ஒரு நிறுத்தம், ஒரு தத்தல். பைனாகுலர் 8x42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) போதும். நிழலுக்கு அதிக உருப்பெருக்கத்தைவிட வெளிச்சம்தான் முக்கியம்.

அக்டோபர் 15
ஆறுமணிக் குருவிதானா என்று கேட்டு வந்த படத்தில் இருப்பது செந்தலைப் பூங்குருவி. அதுவும் சருகில்தான் மேயும், குழப்பம் இயல்பு. அதன் முகக் கோடுகள் கன்னத்தில் மேலிருந்து கீழாக இறங்கும். முதுகு நீலச் சாம்பல். ஆறுமணிக் குருவிக்குக் கண் வழியாகப் பிடரி வரை தடித்த கறுப்புப் பட்டை, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, உச்சந்தலை நடுவிலும் ஒரு கறுப்புக் கோடு. வால் வெட்டிவிட்டதுபோல் குட்டை. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு மின்னும்.

அக்டோபர் 20
மழை. நனைந்த சருகு சத்தம் போடாது, நேற்றுவரை உதவிய காது இன்று பாதிதான் உதவும். ஒற்றையடிப்பாதை ஓரங்களைப் பாருங்கள். மண்புழுவுக்காகக் குருவி வெளியே வரும்.

செல்போனில் குரலைப் போட்டு வரவழைப்பது வேண்டாம். குளிர்காலத்திலும் தன் எல்லையைக் காக்கும் பறவை. போட்டி வந்துவிட்டதென்று மேய்ச்சலை விட்டுவிட்டு அலையும்.