ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?

கலிஃபோர்னியாவில் நடுத்தர அளவிலான ஒரு நகரத்தின் பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. சேர்ந்த இரண்டாம் வருடமே என் கணக்கு வாக்குச்சீட்டில் ஏறியது. நூலகம், தீயணைப்பு நிலையம், பூங்கா எல்லாவற்றுக்கும் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவது, முதலையும் வட்டியையும் பல வருடங்களுக்குச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிப்பது என்று திட்டம். இதற்கு மக்கள் சம்மதம் வேண்டும்.

ஆறு மாதம் தயாரித்த பட்டியலை வாக்குச்சீட்டில் 75 சொற்களுக்குள் அடக்கச் சொன்னார்கள். சரி, அடக்கினோம். அப்புறம் துண்டறிக்கை. நான் எழுதிய "மிகவும் அவசியமான" என்ற சொற்களை நகர வழக்கறிஞர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அரசுப் பணத்தில் தகவல் சொல்லலாம், பிரசாரம் செய்யக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று எழுதலாம். கூரையை மாற்ற ஓட்டுப் போடுங்கள் என்று எழுதினால் தப்பு.

பொதுக்கூட்டத்தில் சண்டை வரியைப் பற்றித்தான். இங்கே 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டத்தின்படி, வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கி வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு 20 டாலர் பத்திர வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக 12 லட்சத்துக்கு வீடு வாங்கியவர் 240 டாலர் கட்டுவார். நாற்பது வருடமாக அதே தெருவில் இருப்பவரின் வரி மதிப்பு ஒன்றரை லட்சம் என்றால், அவருக்கு 30 டாலர். அடுத்தடுத்த வீடு, ஒரே நூலகம்! புதியவர்கள் முகத்தில் கடுப்பு தெரிந்தது, நியாயமான கடுப்புதான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு பாட்டி எழுந்து, "புது நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டார். மேடையில் யாரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பத்திரப் பணத்தில் நிலம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம், இருப்பதைப் புதுப்பிக்கலாம். நூலகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதை நகரத்தின் பொது நிதியிலிருந்துதான் வருடாவருடம் தேட வேண்டும். யானையை வாங்கப் பணம் உண்டு, தீனிக்குக் கிடையாது. சான் ஹோசே நகரம் 2000-ல் நூலகங்களுக்காக சுமார் 21 கோடி டாலர் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கியது. அந்தப் பணத்தில் கட்டிய சில கிளைகள், ஊழியர்களை வைக்க வழியில்லாமல் 2013 வரை பூட்டியே கிடந்தன. பாட்டிக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தேர்தலில் 64 சதவீதம் ஆதரவு. தோற்றோம். இங்கே நகரப் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நம்மூரில் 64 சதவீதம் வாங்கினால் அமோக வெற்றி, எதிரில் நின்றவர்களில் சிலருக்கு டெபாசிட்டே போய்விடலாம் என்று அலுவலகத்தில் சொன்னேன். டெபாசிட் என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து, பட்டியலைச் சுருக்கி மறுபடி போனோம். இம்முறை மயிரிழையில் ஜெயித்தது. வடிவமைப்பு முடிந்து செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது, வாசலில் இருந்த அகலமான தாழ்வாரத்தை வெட்டிவிடலாம் என்றார்கள். நான் வேறு இடங்களில் கையை வைத்தேன்: மரப்பலகை மேற்கூரை போனது, விலை உயர்ந்த தரைக்கல் போனது. தாழ்வாரமும் அதன் பெஞ்சுகளும், சுவரில் நான்கு பிளக் பாயின்ட்டும் மிஞ்சின.

நூலகம் இப்போது வாரத்தில் ஐந்து நாள்தான். போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். கதவு பூட்டியிருந்தது. தாழ்வாரத்தில் மூன்று பிள்ளைகள் லேப்டாப்பைச் சொருகிவிட்டு, உள்ளிருந்து கசியும் வைஃபையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.