பத்மினியின் பின்னிருக்கையில் இரண்டு பெல்ட்டுகள்

எங்கள் வீட்டில் இருப்பது 1986-ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி. மும்பை குர்லாவில் தயாராகி, மதுரைக்கு வந்து, அங்கிருந்து அப்பா ஓட்டிக்கொண்டு வந்த நாள் முதல், கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக் காற்றிலேயே காலம் தள்ளிய வண்டி அது. பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டபோது அதற்கு வயது இரண்டு. நானும் என் தங்கைகள் இருவரும் முன்னிருக்கையில் நின்றபடி, டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாலத்தின் மேலிருந்து ரயில் போவதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்கள். என் பிள்ளைகளும் அதே வண்டியில் போய்வர வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. அதற்காக நான்கு மாதம் என்னென்ன செய்தோம் என்பதை, பழைய வண்டியும் சிறு பிள்ளைகளும் ஒருங்கே இருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு வெள்ளாட்டு மந்தையில் தொடங்கியது. இராமநாதபுரத்திலிருந்து திரும்பும் வழியில், உச்சிப்புளியைத் தாண்டியதும், சாலையோரச் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து ஆடுகள் திடுமென ஓடி வந்தன. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள எங்கள் வண்டி இடப்பக்கமாகச் சற்று இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐந்து வயது மகள் பின்னிருக்கை ரெக்சினில் வழுக்கிப் போய், முன்னிருக்கையின் முதுகில் முகம் மோதி, உதடு கிழிந்து அழுதாள். மனைவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு மாதப் பையன் கையை மீறி நழுவினான். அவன் சட்டை அவள் விரலில் சிக்கியதால் மட்டுமே தரையில் விழாமல் முழங்காலில் தொங்கி நின்றான். அவனுக்கு அப்போது ஆறு கிலோதான் எடை. ஆறு கிலோவைத் தாயால் பிடிக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். வெறும் பிரேக்குக்கே இந்த நிலை என்றால், எதிர் வண்டியோடு மோதும்போது அந்த ஆறு கிலோ சில கணங்களுக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் முன்னே பாயும். எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதும் ஒன்றே என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

“இனிமே இந்த வண்டியில பிள்ளைகள ஏத்த மாட்டேங்க” என்று மனைவி அன்றே சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது வருத்தமாக இருந்தது. “நீங்க மூணு பேரும் நின்னுக்கிட்டே வந்தவங்கதானப்பா, என்ன ஆயிருச்சு?” என்றார். அன்று மதுரைச் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி வரும். இன்று இராமேசுவரத்துக்கு வரும் வேன்களும் சுற்றுலாப் பேருந்துகளும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. எங்களுக்கு ஒன்றும் நேராமல் போனது நல்வாய்ப்பு. அந்த நல்வாய்ப்பை நம்பி என் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். நம் நாட்டில் 1994-க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் முன்னிருக்கை பெல்ட் கட்டாயம். எங்கள் வண்டியிலோ முன்னும் பின்னும் பெல்ட்டே கிடையாது. ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்தை விடுங்கள், வண்டி பழையது என்பதால் மோதலின் விசை குறையப்போவதில்லை. ஐம்பது வயது கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியும் விதியும் இருக்கிறது. அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. குடும்பத்தோடு ஓட்ட நினைப்பவருக்கு அது வழியாகாது.

அடுத்து குழந்தை இருக்கை. கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஐசோஃபிக்ஸ் வளையத்தில், அதாவது புதிய கார்களின் இருக்கை மடிப்புக்குள் பொருத்தியே வரும் இரும்பு வளையத்தில், மாட்டும் இருக்கைகளைத்தான். அந்த வளையம் பழைய வண்டிகளில் இல்லை. ஆகவே பெல்ட்டால் கட்டக்கூடிய இருக்கைதான் வேண்டும். அதிலும் இடுப்போடு மட்டும் சுற்றும் பெல்ட் போதுமா, தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் வேண்டுமா என்பதை இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மகளுக்கு ஏற்ற, பதினைந்து முதல் முப்பத்தாறு கிலோ வரைக்குமான, முதுகு உயர்ந்த பூஸ்டர் இருக்கையை (பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து, காரின் பெல்ட்டாலேயே பிடித்துக்கொள்ளும் இருக்கை) இடுப்பு பெல்ட்டில் பயன்படுத்தவே கூடாது. மேலுடம்பு முன்னால் மடிய, பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறி, குடலையும் கல்லீரலையும் நசுக்கும். வால்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கிய மூன்று முனை பெல்ட்தான் இன்றும் எல்லாக் கார்களிலும் இருக்கிறது; அதையே எங்கள் பின்னிருக்கையின் இரு ஓரங்களிலும் பொருத்துவது என்று முடிவு செய்தோம்.

இராமநாதபுரத்தில் எங்கள் வண்டியை இருபது ஆண்டுகளாகப் பார்க்கும் டிங்கர் ஒருவர் இருக்கிறார். பின்னிருக்கையின் குஷனை அவர் தூக்கினார். அது எந்தக் கொக்கியிலும் மாட்டப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடியில் விரித்திருந்த தார்த்தாளைக் கிழித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தரைத் தகட்டை மெல்லக் குத்தினார். கருவாட்டுத் தோலில் குத்துவது போல முனை உள்ளே இறங்கியது. சக்கர மேட்டை ஒட்டிய மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை. பழைய பட்டியும் பெயிண்டும்தான் அதை மூடியிருந்தன. “இதுல போல்ட்ட மாட்டுனா, பெல்ட்டும் பிள்ளையும் சேர்ந்தே போயிரும் தம்பி” என்றார். பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரையும் தூணும் கூரையும் சேர்ந்த கூடுதான் வண்டியின் பலம். ஆகவே தகடு அரித்துப்போன இடத்தில் பெல்ட் மாட்டுவது கண்துடைப்பு.

அந்த ஓட்டைகளில் வேறோர் ஆபத்தும் இருந்தது. சைலன்சர் குழாய் தரைக்கடியில்தான் போகிறது. புகை ஓட்டை வழியே உள்ளே ஏறினால் அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிறு உடலை அது பெரியவர்களைவிட விரைவாகத் தாக்கும். பெட்ரோல் வண்டியில் போனால் பிள்ளைக்குத் தலைவலிக்கிறது, வாந்தி வருகிறது என்று சொல்பவர்கள், வளைவுகளைக் குறை சொல்வதற்கு முன் தரைத் தகட்டையும் டிக்கி ரப்பரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வைத்து, பேட்டரியையும் எடுத்த பிறகே வெல்டிங் தொடங்கியது. அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். பெல்ட் போல்ட் வரும் ஒவ்வொரு இடத்திலும், மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பிளேட்டை, மூலைகளை மழுக்கி, சுற்றிலும் பற்றவைத்தோம். போல்ட் இழுக்கும் விசை அகலமாகப் பரவினால்தான் தகடு கிழியாது. போல்ட்டுகளை ஹார்டுவேர் கடையில் வாங்காமல், பெல்ட்டோடு வந்த பதினாறில் ஏழு (7/16) அங்குல உயர் பலப் போல்ட்டுகளையே பயன்படுத்தினோம். தோள் பட்டை வரும் பின்தூணில்தான் வேலை அதிகம். உள்பக்கத் தகட்டைச் சன்னல் போல வெட்டி, பிளேட்டை உள்ளே நுழைத்துப் பற்றவைத்து, மறுபடி மூடுவதற்கே மூன்று நாள் ஆனது.

பெல்ட்டைக் காயலான் கடையில் வாங்கலாம், விலை கால்வாசிதான் என்று பலர் சொன்னார்கள். விபத்தில் நொறுங்கிய காரின் பெல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டது. அதன் நூலிழை இன்னொரு முறை தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குழந்தை இருக்கைக்கும் இதே பேச்சுதான். முன்கதை தெரியாத எதையும் வாங்கக் கூடாது என்பதில் மனைவி உறுதியாக நின்றாள், அது சரியே.

புதிய பெல்ட் வந்தும் ஒரே நாளில் முடியவில்லை. பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் சுருள் பெட்டியைச் சற்றுச் சாய்த்து மாட்டியதால் அது ஓயாமல் பூட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் சிறு எடை நேராக நின்றால்தான் அது வேலை செய்யும். அதைவிட நுட்பமான தவறு பக்கிளில் இருந்தது. பையனுடைய இருக்கையை, அவன் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி, பின்னோக்கி வைத்துப் பெல்ட்டை மாட்டினேன். கிளிக் என்ற சத்தமும் கேட்டது. எல்லாம் சரி என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், பக்கிளின் தண்டு நீளமாக இருந்ததால், பக்கிள் குஷனோடு படியாமல் மேலேறி, இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் குறுக்காக உட்கார்ந்திருந்தது. மோதும்போது விளிம்பு நெம்புகோலாகி, பக்கிளே பிளந்துவிடும். குட்டைத் தண்டு வாங்கி, அதன் போல்ட்டை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளி, புதிதாக ஒரு பிளேட் பற்றவைத்தோம். அந்த இரண்டு அங்குலத்துக்காக வண்டி இன்னும் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்த பிறகே போல்ட்டின் இடத்தைக் குறிக்க வேண்டும் என்று தொடங்கும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஸ்பிரிங் குஷனில் எந்த இருக்கையும் நிலையாக நிற்காது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அழுத்தமான ஃபோம் வைத்து, குஷனைத் தரையோடு இரண்டு பட்டைகளால் பிணைத்தோம். இப்போது பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இருக்கை ஓர் அங்குலத்துக்குக் குறைவாகவே அசைகிறது. அதற்குமேல் அசைந்தால் மறுபடி கட்ட வேண்டும். பையன் பின்னோக்கியே உட்காருகிறான். கைக்குழந்தையின் கழுத்து மென்மையானது, தலையோ உடலை நோக்கப் பெரியது. விண்வெளி வீரர்கள் முதுகு சாய்த்துப் படுத்துப் புறப்படுவதைப் பார்த்து, 1960-களில் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன் இந்த முறையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். மோதலின் விசை கழுத்தில் மட்டும் விழாமல் முதுகு முழுவதும் பரவுகிறது.

பின்கதவுகளில் சைல்டு லாக் கிடையாது. உள்கைப்பிடியைக் கழற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒப்பவில்லை. கார்புரேட்டர் வண்டியில் தீ என்பது வெறும் பேச்சல்ல. அந்த நேரத்தில் யாரும் எந்தக் கதவையும் திறக்க முடிய வேண்டும். பெல்ட்டில் இருக்கும் பிள்ளையின் கை கைப்பிடிக்கு எட்டாது என்பதை உட்காரவைத்தே பார்த்துக்கொண்டோம். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு கிலோ தீயணைப்பானைப் பட்டையிட்டு மாட்டியிருக்கிறோம். ஜாக்கி, தண்ணீர்க் குடம், பனங்கிழங்கு மூட்டை எதுவும் இப்போது இருக்கைப் பக்கம் வருவதில்லை. எல்லாம் டிக்கிக்குள் கயிற்றால் கட்டப்படுகிறது.

வேலை முடிந்த பின்பு நாங்கள் இழந்ததும் உண்டு. இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே பெரியவர் ஒருவர் உட்கார இடமில்லை. முன்னிருக்கைக்கும் இரண்டு பெல்ட்டே போட்டோம். ஏழு பேர் ஏறிய வண்டியில் இன்று நால்வர்தான் போகலாம். அம்மாவும் அப்பாவும் பேருந்தில் வருகிறார்கள், அல்லது நான் இருமுறை ஓட்டுகிறேன். தகடு வேலை, பெல்ட், குஷன், இருக்கைகள் எல்லாம் சேர்ந்து அந்த வண்டியை விற்றால் வரும் விலையில் பாதிக்கு அருகில் வந்துவிட்டது. பதிவுப் புதுப்பிப்புக்கான ஆய்வுக்குப் போனபோது எல்லாவற்றையும் ஆய்வாளரிடம் திறந்து காட்டினோம்.

பிறகு ஒரு தை மாதக் காலையில் தனுஷ்கோடிக்குப் போனோம். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும் என்று ஐந்தரை மணிக்கே கிளம்பினோம். ஏசி இல்லாத வண்டியில் பக்கிளின் இரும்பு பத்து மணிக்கே கையைச் சுடும். பெல்ட்டை மாட்டுவதற்கு முன் பக்கிளைத் தொட்டுப் பார்ப்பதும், நிறுத்தும்போது அதன்மேல் வெள்ளைத் துண்டு போடுவதும் வழக்கமாகிவிட்டன. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குக்கூடப் பிள்ளைகளை உள்ளே விட்டுப் போவதில்லை. பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும் என்பதால் நாற்பதிலேயே ஓட்டினேன். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடந்த இடங்களில் அதையும் பாதியாகக் குறைத்தேன்; டிரம் பிரேக் மணலில் எப்படிப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முன்வண்டிக்கும் எனக்கும் நடுவே இரு பேருந்து நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

பையனுக்கு இப்போது பதினொரு கிலோ. பதின்மூன்று வரை இந்த இருக்கை தாங்கும். அடுத்த இருக்கையை வாங்குமுன் வண்டியில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்கும் கடையைத்தான் தேடுகிறேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்ததும் குஷனைத் தூக்கி, பிளேட்டுகளைச் சுற்றிப் பூசிய துருத்தடுப்புப் பெயிண்ட் எங்கேனும் உப்பியிருக்கிறதா என்று அதே ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தேதியை அப்பாவே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.