பெரிய துறைமுகம் மலிவு, சின்ன ஊர்தான் செலவு

ஜெர்மனியின் வடகடல் பக்கம் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிவிட்டு நேற்றுதான் திரும்பினேன். எங்கே போவது, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் ஆசை. எவ்வளவு என்பதிலேயே வயிறு எரிவதால் வரிசை எங்கேயாவது தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹாம்பர்க். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, எல்பே ஆற்றின் மேல் இருக்கிற ஊர். நானூறு மீட்டர் நீளக் கப்பல்கள்கூட ஆற்றுவழியாகவே அங்கே வந்துவிடுகின்றன. லான்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் கால் வைத்ததும் துறைமுகம் சுற்றிக்காட்டுகிறோம் என்று கூவிக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல், அதாவது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். காதில் விழாத மாதிரி தாண்டிப்போய் 62ஆம் எண் படகில் ஏறுங்கள். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் வாங்குகிற அதே டிக்கெட்தான். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாத டிக்கெட் இருந்தால் இதற்குத் தனியாக ஒரு காசு வேண்டாம். அந்த டிக்கெட் 2023இல் 49 யூரோவுக்கு வந்தது, 2026இல் 63 ஆகிவிட்டது. அப்படியும் லாபம்தான்.

மேல்தளத்துக்கு ஓடிப்போய் இடம் பிடியுங்கள். காற்று காதைப் பிய்க்கும், பரவாயில்லை. ஓவல்கோன்னேயில் இறங்கினால் ஆற்றங்கரையில் நல்ல மணல். நேர் எதிரே கன்டெய்னர் முனையம். மணலில் உட்கார்ந்துகொண்டு, கிரேன்கள் பெட்டி பெட்டியாக இறக்குவதை மதியம் முழுக்கப் பார்த்தேன். பக்கத்திலேயே 'கிழட்டு ஸ்வீடன்காரன்' என்று பெயர் வைத்த 217 டன் பாறை ஒன்று கிடக்கிறது. பனியுகத்தில் ஸ்வீடனிலிருந்து பனிப்பாளம் இழுத்து வந்தது. 1999இல் ஆற்றை ஆழப்படுத்தும்போது கிடைத்ததாம். குழந்தைகள் அதன் மேல் ஏறிக் குதிக்கிறார்கள்.

1911இல் திறந்த எல்பே சுரங்கப்பாதையும் நடந்து போகிறவர்களுக்கு இலவசம். லிஃப்டில் இறங்கி, ஆற்றுக்கு அடியில் நடந்து அக்கரை ஏறி, அங்கிருந்து திரும்பி ஊரைப் பாருங்கள். காசு கேட்காத இடங்களில் ஹாம்பர்க்கை அடிக்க முடியாது.

வேடல் என்ற ஊரில் இன்னொரு கூத்து. ஆற்றில் வருகிற போகிற பெரிய கப்பல்களுக்கு ஒலிபெருக்கியில் அந்தந்த நாட்டின் தேசிய கீதம் போட்டு மரியாதை செய்கிறார்கள், 1952 முதல். சரி, எந்த நாட்டுக் கீதம் என்று பார்த்தால் லைபீரியா! கப்பல் முதலாளி எங்கேயோ இருப்பார், வரிக்காகவும் செலவுக்காகவும் பதிவு மட்டும் லைபீரியாவிலோ பனாமாவிலோ. அதிலும் அறிவிப்பாளர் குரலில் அத்தனை பயபக்தி. சிரிக்காமல் நிற்க முடியவில்லை.

இதெல்லாம் முடித்து, 'அமைதியான சின்ன மீன்பிடித் துறைமுகம்' பார்க்கலாமென்று கிரீட்சீல் கிளம்பினேன். அங்கேதான் பர்ஸுக்குச் சனி பிடித்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற நோர்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பஸ் இல்லை. பள்ளி நாட்களில்தான் ஒழுங்காக ஓடுமாம், அன்றைக்கு விடுமுறை. வாசலில் ஒரே ஒரு டாக்ஸி. இருபது கிலோமீட்டருக்குள்தான் தூரம், மீட்டர் போடச் சொன்னால் 'மொத்தமாக எழுபது' என்றார் டிரைவர். பேரம் பேசிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே ஜன்னலை ஏற்றிவிட்டார். ஏழாயிரம் ரூபாய்! ஜெர்மனியில் எல்லாம் சட்டப்படி நடக்கும் என்று என்னிடம் சொன்னவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

ஆனால் ஊர் அழகு, அதை மறைக்க மாட்டேன். செங்கல் வீடுகள், இரட்டைக் காற்றாலைகள், வலையைத் தொங்கவிட்டு வரிசையாக நிற்கும் இறால் படகுகள். கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வராதபடி வெளியே மதகு கட்டியிருப்பதால், தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் சாய்வதில்லை.

இங்கே பிடிபடுவது சாம்பல் நிறக் குட்டி இறால். படகிலேயே கடல்நீரில் வேகவைத்துவிடுகிறார்கள். ஓடு உரிக்க இங்கே கூலி கட்டாது என்று பெரும்பங்கை லாரியில் மொராக்கோவுக்கு அனுப்பி, அங்கே பெண்கள் கையால் உரித்து, திரும்பி வருகிறது. அந்த இறாலைப் பன்னுக்குள் வைத்து கரையோரக் கடையில் கேட்ட விலை பதினான்கு யூரோ. பன் வேறு காய்ந்துபோயிருந்தது. அதை விட்டுவிட்டு, ஓட்டோடு விற்பதை அரைக்கிலோ வாங்கி கரையில் உட்கார்ந்தேன். தலையையும் வாலையும் பிடித்து நடுவில் ஒரு திருகு திருகி இழுத்தால் ஓடு கழன்று வரும். பக்கத்தில் இருந்த பாட்டி காட்டிக்கொடுத்தார். நான் ஒன்று உரிப்பதற்குள் அவர் நாலு தின்றார். லேசான இனிப்பு, கடல் உப்பு, வேறு மசாலாவே தேவையில்லை. இந்தப் பயணத்தில் தின்றதிலேயே இதுதான் முதலிடம்.

அப்புறம், கிரீட்சீலில் தங்காதீர்கள். அறை வாடகையே கழுத்தை நெரிக்கும், அதற்கு மேல் ஆளுக்கு, ராத்திரிக்கு என்று விருந்தினர் வரி வேறு. பக்கத்து நகரமான எம்டனில் தங்கிப் பகலில் போய்வாருங்கள். பஸ் நேரத்தோடு, அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.